யூரியா பையில் வந்த மண்

முரசுமோட்டைப் பக்கமிருந்து ஓர் ஐயா ஆவணி மாதத்தில் யூரியா பை ஒன்றில் மண் கொண்டு வந்தார். பையை உதறி, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் நிரப்பியிருந்தார். வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். "பிள்ளை, விதைப்புக்கு முன்னம் சொன்னால் காணும். பசளைக்குக் காசு ஒதுக்கவேணும்" என்றார். அந்த மண்ணை நான் சோதிக்கவில்லை. வேறு மண் எடுத்து வரச் சொன்னதும் அவருடைய முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வயலுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏன் அந்த மண் வேண்டாம் என்றால், யூரியாவில் 46 வீதம் நைதரசன். பையின் தையல் மடிப்புக்குள் ஒரு கிராம் யூரியா ஒட்டியிருந்தாலும் அதில் 460 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. அவர் கொண்டு வந்தது இரண்டு கிலோ மண். கணக்குப் பார்த்தால் கிலோவுக்கு 230 மில்லிகிராம் கூடிவிடும். பயிருக்கு உடனே கிடைக்கும் நைதரசன் காய்ந்த வயல் மண்ணில் அதற்குப் பக்கத்திலும் வராது. அப்படி ஓர் எண்ணை அறிக்கையில் எழுதிக் கொடுத்தால், அவர் அந்தப் போகம் பசளையைக் குறைத்துப் போட்டு நட்டப்படுவார்.

கிளிநொச்சியில் ஒரு மண் ஆய்வுகூடத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்குக் கருவியைப் பழக்குவதைவிட, அந்தக் கருவிக்குள் என்ன போகிறது என்பதைக் கவனிக்கப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் எடுக்கிறது. ஆகவே அந்த ஐயாவின் மண்ணையே வைத்துக்கொண்டு, வயலிலிருந்து அறிக்கை வரைக்கும் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன்.

வயலில்

நம்முடைய செங்கபில மண் ஆவணியில் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். மழை விழுந்தால் காலில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நல்ல பதம் கிடைப்பது சில நாட்கள்தான். புழுதி விதைப்புக்கு முன்னம் அறிக்கை வேண்டுமென்றால் இறுகிய மண்ணைத்தான் வெட்டவேண்டும், அதனால் அலவாங்கும் கொண்டு போங்கள். கூடவே மண்வெட்டி, ஒரு பிளாஸ்ரிக் வாளி, புதிய பொலித்தீன் பைகள், பென்சில். நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகர வாளியை எடுக்கவேண்டாம். வாளியின் நாகம் மண்ணில் ஒட்டும், பிறகு நாகம் சோதித்துப் பயனில்லை.

வயலின் ஒரு மூலையிலிருந்து வளைந்து வளைந்து நடந்து, 10 முதல் 15 இடங்களில் மண் எடுக்கவேண்டும். மேலே கிடக்கும் வைக்கோலையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஆங்கில வீ எழுத்தைப் போல ஒரு குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் தடிப்பில் ஒரு துண்டைச் சீவி எடுத்து வாளியில் போடுங்கள். மேல் மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் பொசுபரசு கூடிக் காட்டும், ஏனென்றால் போட்ட பசளை மேலேதான் தங்கி நிற்கிறது. வரம்பு, வாய்க்கால் ஓரம், மரநிழல், மாடு கட்டிய இடம், எருக்குவியல் கிடந்த இடம், வைக்கோல் எரித்த சாம்பல் திட்டு ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. பப்பாசி, மாமரத் தோட்டம் என்றால் முதல் 30 சென்ரிமீற்றரை ஒரு மாதிரியாகவும் அடுத்த 30ஐ இன்னொரு மாதிரியாகவும் எடுங்கள்.

ஐயாவின் மூன்று ஏக்கரில் வடக்கு மூலை மற்ற இடங்களைவிடச் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன். சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அதில் மண் அணை நின்றதாம். மீள்குடியேறி வந்தபோது டோசர் விட்டு மட்டமாக்கினார்களாம். இது வன்னியில் மண் எடுக்கிறவர் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. அணை கட்டியபோதும் பங்கர் வெட்டியபோதும் அடிமண் மேலே வந்திருக்கிறது, மேல்மண் கீழே புதைந்திருக்கிறது. பார்வைக்கு ஒரே வயல் என்றாலும் பயிருக்கு அது இரண்டு வயல். அந்த மூலையை நல்ல மண்ணோடு கலந்தால் வருகிற சராசரி எந்தப் பக்கத்துக்கும் உண்மையாக இராது. ஆகவே இரண்டு மாதிரி எடுத்தோம், பெரிய வயலுக்கு ஒன்று, சிவந்த மூலைக்கு ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்படாத காணிக்குள், எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால், ஒரு பிடி மண்ணுக்காகவும் கால் வைக்காதீர்கள். காணிக்காரர் கூடவந்து பாதை காட்டினாலும் வேண்டாம்.

வாளியில் சேர்ந்த மண்ணைச் சுத்தமான பொலித்தீனில் கொட்டி, கட்டிகளை உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு கால்பங்கை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மீண்டும் கலந்து மீண்டும் பிரியுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்யவேண்டும்.

காயவைத்தலும் அரித்தலும்

மண்ணை நிழலில் காயவைக்கவேண்டும். வெயிலில் வேண்டாம், போறணையில் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் பொட்டாசியத்தின் அளவு மாறும், நுண்ணங்கிகள் செத்து அவற்றிலிருந்த நைதரசன் வெளியே வரும். வீட்டில் காயவைக்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது கோழிகளைக் கவனிக்கச் சொல்லித்தான். முற்றத்தில் பரப்பிய மண்ணைக் கோழி கிளறிவிட்டுப் போனால் அதன் எச்சம் கலந்துவிடும். கோழி எச்சத்தில் பொசுபரசு நிறைய இருக்கிறது.

காய்ந்த மண்ணை மர உலக்கையாலோ உருளைக்கட்டையாலோ மெல்ல நசுக்கி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்கவேண்டும். கட்டிகள்தான் உடையவேண்டும், கல் உடையக் கூடாது. சேதனக் காபன், அதாவது உக்கிய இலைதழையிலிருந்து வரும் காபன், சோதனைக்கு மட்டும் அதில் ஒரு பகுதியை 0.5 மில்லிமீற்றருக்கு இன்னும் நன்றாக அரைத்து அரியுங்கள். அந்தச் சோதனைக்கு எடுப்பது ஒரு கிராம்தான், அதற்குள் ஒரு வேர்த்துண்டு வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

பிஎச், உப்பு

10 கிராம் மண், 25 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர். கலக்கி, அரை மணி நேரம் இடையிடையே கிளறி, மண் அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச்சை அதற்குரிய மீற்றரால் வாசியுங்கள். முதலில் பிஎச் 7இலும் 4இலும் மாறாமல் நிற்கும் தாங்கற் கரைசல்களை வைத்து மீற்றரைச் சரிசெய்யவேண்டும், அது காலையில் ஒருமுறை மட்டும் செய்து விடுகிற வேலையல்ல. ஐயாவின் வயல் 7.2, சிவந்த மூலை 6.6. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பொசுபரசுக்கு எந்த முறை என்று முடிவெடுக்கிறோம்.

உப்புக்கு ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் குலுக்கி மின்கடத்துதிறன் பார்க்கிறோம், உப்புக் கூடினால் அதுவும் கூடும். கடலோரப் பூநகரிப் பக்கத்து மண் வந்தால் இதைத்தான் முதலில் செய்வேன். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. உவர் மண்ணுக்கு மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் என்று புத்தகத்தில் இருக்கிற எல்லை, மண்ணை நீரால் குழைத்துப் பிழிந்தெடுத்த நிறைசாற்றுக்குரியது. ஐந்து மடங்கு நீர் விட்டுப் பெற்ற எண் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து "உப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பொசுபரசு

மண்ணிலுள்ள மொத்தப் பொசுபரசை அளந்து விவசாயிக்குப் பெரிய பயனில்லை. அதில் பெரும்பகுதி இரும்போடும் சுண்ணாம்போடும் கட்டுண்டு கிடக்கிறது. வேர் எடுக்கக்கூடிய பங்கை மட்டும் கரைத்தெடுக்கவேண்டும், எந்தக் கரைசலால் எடுக்கிறோமோ அதற்கேற்ப எண்ணும் மாறும். அமில மண்ணுக்கு 1945இல் வந்த பிறே முறை பொருந்தும். நம்முடைய மண் நடுநிலைக்குப் பக்கம் நிற்பதால் 1954இல் வந்த ஒல்சன் முறையைச் செய்கிறோம். ஒரு முறையின் எண்ணை மற்ற முறையின் அட்டவணையில் தேடக் கூடாது. அதனால் அறிக்கையில் பொசுபரசின் எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.

சோடியமிருகாபனேற்று 42 கிராமை நீரில் கரைத்து, சோடியமைதரொட்சைட்டால் பிஎச்சை 8.5க்குக் கொண்டுவந்து, ஒரு லீற்றராக்குங்கள். இதைப் பிளாஸ்ரிக் போத்தலில் வையுங்கள், பாவிக்கும் ஒவ்வொரு நாளும் பிஎச் பாருங்கள். திறந்து மூடும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி பிஎச் மெல்ல ஏறும். 2.5 கிராம் மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் கரைசலும், பொசுபரசு நீக்கிய கரித்தூள் சிறிதும் போட்டு, சரியாக 30 நிமிடம் குலுக்கி, உடனே வடிதாளில் வடியுங்கள். தேத்தண்ணி நிறத்தில் வடிந்தால் கரித்தூள் போதவில்லை என்று அர்த்தம்.

அந்த 30 நிமிடத்தில் அறையின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். இந்த முறை 25 பாகைக்கு வகுக்கப்பட்டது. வெப்பம் ஏற ஏறக் கரைந்து வரும் பொசுபரசும் ஏறும். ஆவணியில் மின்சாரம் நின்று குளிரூட்டி ஓயும்போது எங்களுடைய அறை 33, 34 பாகைக்குப் போய்விடும். அப்படியான நாளில் நான் ஒல்சன் செய்வதில்லை, விடியக்காலையில் வந்து செய்வேன்.

வடித்த நீரில் 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து 50 மில்லிலீற்றர் குடுவையில் விடுங்கள். பரா-நைத்திரோபீனோல் என்ற நிறங்காட்டியில் ஒரு துளி விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் மறையும்வரை சல்பூரிக்கமிலத்தைத் துளித்துளியாக விடவேண்டும். அவசரப்பட்டால் நுரை பொங்கி வழியும், வழிந்த நுரையோடு பொசுபரசும் போய்விடும். பொங்கல் அடங்க விட்டுக் குடுவையை மெல்லச் சுழற்றுங்கள். பிறகு அன்று காலையில் கலந்த மொலிப்டேற்று, அசுக்கோபிக்கமிலக் கரைசலில் 8 மில்லிலீற்றர் விட்டு, குறி வரைக்கும் நீரால் நிரப்புங்கள். கொஞ்ச நேரத்தில் நீலம் எழும். வெறுங்கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. குடுவைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால், அதிகாலை வானத்தைப் போல ஒரு வெளிறல் தெரியும். அதைத்தான், நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ரோபோட்டோமீற்றர் 880 நானோமீற்றரில் எண்ணாக்கித் தருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும், அளவு தெரிந்த நியமக் கரைசலுக்கு, உலர்த்திய பொட்டாசியமிருஐதரசன்பொசுபேற்று 0.4394 கிராமை ஒரு லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் பொசுபரசு. அதை ஐதாக்கி லீற்றருக்கு 0 முதல் 0.5 மில்லிகிராம் வரை ஒரு வரிசை செய்துகொள்ளுங்கள்.

ஐயாவின் மண் லீற்றருக்கு 0.08 மில்லிகிராம் காட்டியது. 10 மில்லிலீற்றரை 50 ஆக்கியதால் 5ஆல் பெருக்கினால் 0.4. 2.5 கிராம் மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் என்பதால் 20ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 8 மில்லிகிராம். சிவந்த மூலை 3. நெல்லுக்கு 5க்குக் கீழே என்றால் ரிஎஸ்பி என்ற பொசுபரசுப் பசளையைப் போட்டால் பலன் தெரியும், 5க்கும் 10க்கும் இடையில் என்றால் தெரியக்கூடும். வயலில் தண்ணீர் நின்றதும் இரும்போடு கட்டுண்ட பொசுபரசில் கொஞ்சம் அவிழ்ந்து வரும். ஆகவே நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஒரே எல்லையை வைக்காதீர்கள்.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம், மண்ணே இல்லாத வெற்றுக் குடுவை மூன்று நாளாக நீலமாக வந்தது. இரசாயனத்தைச் சந்தேகித்தேன், நீரைச் சந்தேகித்தேன், தராசையும் விடவில்லை. கடைசியில் காரணம் குடுவைகளைக் கழுவிய சவர்க்காரத் தூள், அதில் பொசுபேற்று இருந்தது. அந்தக் கிழமை செய்த நாற்பது மாதிரிகளையும் மறுபடி செய்தேன். பொசுபரசுக்குப் பாவிக்கும் கண்ணாடிப் பாத்திரங்களைச் சவர்க்காரம் படாமல் தனியாக வையுங்கள். 10 வீத ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் மூன்று தரம் அலசுங்கள். வெற்றுக் குடுவை இல்லாமல் எந்தத் தொகுதியும் செய்யக் கூடாது.

பொட்டாசியம்

இது இலகு. 5 கிராம் மண்ணை, பிஎச் 7க்குச் சரிசெய்த ஒரு மோலர் அமோனியமசற்றேற்றுக் கரைசல் 50 மில்லிலீற்றரில் குலுக்கி வடித்து, சுவாலையின் ஒளியை அளக்கும் பிளேம் போட்டோமீற்றரில் வாசிக்கவேண்டும். நியமக் கரைசல்களையும் அதே அமோனியமசற்றேற்றில்தான் செய்யவேண்டும், வெறும் நீரில் அல்ல. வாயு அழுத்தம் ஆடினால் சுவாலையும் ஆடும். பத்து மாதிரிக்கு ஒருமுறை நியமக் கரைசலைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ஐயாவின் மண் லீற்றருக்கு 9.6 மில்லிகிராம் காட்டியது, அதாவது கிலோவுக்கு 96 மில்லிகிராம். நெல்லுக்கு 78ஐச் சுற்றித்தான் எல்லை. வைக்கோலை வயலிலேயே விட்டவருக்கு இந்த எண் இறங்காது, வைக்கோலில்தான் பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு இருக்கிறது.

சேதனக் காபன்

நம்முடைய வெயிலுக்குக் காபன் தங்காது. ஆனால் வன்னி மண்ணில் நான் அதிகம் கவலைப்பட்டுப் பார்க்கும் எண் இதுதான். 1934இல் வோக்லியும் பிளாக்கும் தந்த முறை இன்றைக்கும் போதுமானது.

அரைத்த மண் 1 கிராம், ஒரு நோமல் செறிவுள்ள பொட்டாசியமிருகுரோமேற்று 10 மில்லிலீற்றர். குடுவையைப் பியூம் கபேட்டுக்குள், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டிக்குள், வைத்து, செறிந்த சல்பூரிக்கமிலம் 20 மில்லிலீற்றரை அதில் ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றுங்கள். குடுவை கையைச் சுடும், அந்தச் சூட்டில்தான் காபன் எரிகிறது. மரப்பலகையில் வைத்து 30 நிமிடம் ஆறவிடுங்கள், சீமெந்து மேசையில் வைத்தால் குடுவையில் விரிசல் விழக்கூடும். பிறகு 200 மில்லிலீற்றர் நீர், 10 மில்லிலீற்றர் பொசுபோரிக்கமிலம், நிறங்காட்டியாக இருபீனைலமீன் விட்டு, அரை நோமல் பெரசமோனியம்சல்பேற்றை அளவியிலிருந்து, அதாவது அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து, விடுங்கள். கலங்கிய கபிலம் ஊதாநீலமாகும். அங்கிருந்து ஒரு துளி கூடினாலும் பச்சைக்குத் தாவிவிடும். ஊதா தெரிந்ததும் அளவியின் திருகைத் துளிக்கு ஒருமுறை மூடிப் பழகுங்கள்.

வெற்றுக்கு 20.0 மில்லிலீற்றர் போனது, ஐயாவின் மண்ணுக்கு 16.4. வித்தியாசம் 3.6, அதை 20ஆல் பிரித்து 10ஆல் பெருக்கினால் 1.8. அதை 0.3ஆல் பெருக்கினால் 0.54 வீதம். இந்த முறையில் காபன் முழுவதும் எரிவதில்லை, சராசரியாக 77 வீதம்தான் என்று கொள்வதால் 1.3ஆல் பெருக்கவேண்டும். ஆக 0.70 வீதம். சிவந்த மூலை 0.31. உவர் மண்ணில் குளோரைட்டும் குரோமேற்றைத் தின்னும், காபன் பொய்யாக ஏறித் தெரியும். பூநகரி மாதிரி என்றால் அமிலத்தில் வெள்ளிச் சல்பேற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரோமேற்றுப் புற்றுநோயைத் தரக்கூடிய நஞ்சு. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தனிக் கலனில் சேர்த்து, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். இங்கே அயலட்டை முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறது.

நைதரசன், நாகம்

மொத்த நைதரசனுக்கு 1883இல் கெல்டால் தந்த முறை. செறிந்த சல்பூரிக்கமிலத்தில் மண்ணைக் கொதிக்கவைத்து, நைதரசனை அமோனியம் ஆக்கி, காரம் விட்டு அமோனியாவாக வடித்து, போரிக்கமிலத்தில் பிடித்து, செறிவு தெரிந்த அமிலத்தைத் துளித்துளியாக விட்டு நியமிக்கவேண்டும். பத்தில் ஒரு நோமல் அமிலம் ஒரு மில்லிலீற்றர் போனால் 1.4 மில்லிகிராம் நைதரசன். முறை நல்லது, ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து யூரியா அளவைத் தீர்மானிக்க முடியாது என்பது என் அனுபவம். முதல் மழை விழுந்த கிழமையே கிடைக்கும் நைதரசன் மாறிவிடுகிறது. யூரியாவுக்கு விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரையை எடுத்து, காபனைப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடச் சொல்கிறேன்.

நாகத்துக்கு, அதைப் பற்றிப் பிடித்துக் கரைத்தெடுக்கும் டிரிபிஏ கரைசல் 20 மில்லிலீற்றரில் 10 கிராம் மண்ணை இரண்டு மணி நேரம் குலுக்கி, அணு உறிஞ்சல் கருவியில் பார்க்கவேண்டும். நெல்லுக்குக் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு. இந்தக் கருவி இல்லாவிட்டால் கருவி இருக்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.

அறிக்கை

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று, ஒரே மண்ணில் இரட்டை மாதிரி, ஏற்கெனவே எண் தெரிந்த எங்களுடைய பழைய மண் ஒன்று, இந்த மூன்றும் இருக்கும். பழைய மண் தன் எண்ணைச் சொல்லாவிட்டால் அன்றைய வேலை முழுவதையும் திரும்பச் செய்வோம்.

ஐயா வந்தபோது அறிக்கையைக் கொடுத்துவிட்டு அனுப்பவில்லை, கதிரை போட்டு இருத்தி வாசித்துக் காட்டினேன். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஓர் ஏக்கர் மண் ஏறக்குறைய 9 இலட்சம் கிலோ, ஆகவே கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்பது ஏக்கருக்கு 7 கிலோவளவு. "அப்ப மிச்சத்தை நான் போட்டால் சரிதானே?" என்று கேட்டார். அப்படிக் கழிக்க முடியாது, இது களஞ்சியத்தில் நிறுத்துப் பார்த்த நெல் இல்லை, இந்தக் கரைசலுக்கு மண் விட்டுக்கொடுத்த அளவு என்று விளக்கினேன். பெரிய வயலுக்குப் பரிந்துரைத்த அளவு ரிஎஸ்பி போதும். சிவந்த மூலைக்கு மாட்டெரு, எரிக்காத வைக்கோல், கூடவே அதற்கென்று தனியாக அளந்த ரிஎஸ்பி. விவசாயப் போதனாசிரியரிடமும் அறிக்கையைக் காட்டச் சொன்னேன்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்ற காலபோகத்தில் அந்த மூலையில் கதிரே வரவில்லை என்று அப்போதுதான் சொன்னார். அது பசளையால் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

போகும்போது விசுவமடுவில் மகளுடைய கச்சான் தோட்டத்துக்கென்று இரண்டு புதிய பொலித்தீன் பை கேட்டார். கொடுத்தேன். தோட்டத்தின் பெயர், ஆழம், எடுத்த திகதி மூன்றையும் காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி, அதைச் சின்னப் பையொன்றுக்குள் போட்டு மண்ணோடு வைக்கச் சொன்னேன். பேனை மை ஈரத்தில் அழிந்துவிடும்.